யாழ்ப்பாணக் கோட்டை: பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் விடைகளும்

விடுமுறைக் காலத்தில் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் உறவினர்களையும் நண்பர்களையும் கோட்டை நிற்கும் பண்ணைக் கடற்கரைப் பக்கம் அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகளே வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன.

இந்தக் கோட்டையைக் கட்டினது சங்கிலியன்தானே?

இல்லை. யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரம் நல்லூர். அவர்களுடைய காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் சங்கிலியன் தோப்பு, யமுனா ஏரி போன்றவை எல்லாம் நல்லூர்ச் சூழலிலேயே உள்ளன. பண்ணைக் கரையில் நிற்கும் இந்தக் கோட்டை, அந்த அரசு வீழ்ந்த பின்னர் அதை வீழ்த்தியவர்களால் கட்டப்பட்டது. கடைசி அரசனான சங்கிலி குமாரன் 1619இல் பிலிப் த ஒலிவேரா தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படையிடம் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1623இல் அங்கே கொல்லப்பட்டான்.

அப்ப இதைப் போர்த்துக்கேயர் கோட்டை எண்டு சொல்லுறதோ, ஒல்லாந்தர் கோட்டை எண்டு சொல்லுறதோ?

தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர், இன்று கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைக் கொடுத்தவர்கள் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர். போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோண வடிவிலான கோட்டை. அதற்கு அவர்கள் அற்புதங்களின் மாதாவின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பழைய அமைப்பைப் பெரும்பாலும் அகற்றிவிட்டு ஐங்கோணமாக மீளக் கட்டினார்கள். உள் அரண் 1680ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. அகழிக்கு அப்பாலுள்ள வெளி அரண்கள் முடிவதற்கு 1792 வரை சென்றது. ஆகவே மதில், கொத்தளம், வாயில் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது ஒல்லாந்தர் கோட்டை என்பதே பொருந்தும்.

பல அறிமுகக் குறிப்புகள் போர்த்துக்கேயர் கோட்டை கட்டத் தொடங்கிய ஆண்டை 1618 என்று சொல்கின்றன. ஆனால் அரசன் பிடிபட்டது 1619இல். ஆட்சி கைக்கு வருவதற்கு முன்னரே இவ்வளவு பெரிய வேலையைத் தொடங்கியிருப்பார்கள் என்று எண்ணுவது கடினம். 1619ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் எழுந்தது என்று கொள்வதே நிகழ்ச்சிகளின் வரிசைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஏன் ஐந்து மூலை? நட்சத்திரம் மாதிரிக் கட்டினதுக்கு ஏதும் சாத்திரக் காரணம் இருக்கோ?

சாத்திரம் எதுவும் இல்லை, பீரங்கிதான் காரணம். வில்லும் வேலும் கொண்டு போரிட்ட காலத்தில் உயரமான மதில் பாதுகாப்பாக இருந்தது. பீரங்கி வந்த பின்னர் உயர்ந்த, மெல்லிய மதில் எளிதில் உடைந்து விழும் என்பதை ஐரோப்பியர் தம் நாட்டுப் போர்களில் கண்டுகொண்டார்கள். எனவே மதிலின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டி, இரு கற்சுவர்களுக்கு நடுவே மண்ணை நிரப்பி, குண்டின் வேகத்தை மண் உள்வாங்குமாறு செய்தார்கள். மதிலின் மேல் ஏறி நடப்பவர்கள் அதன் அகலத்தைக் கண்டு வியப்பதற்குக் காரணம் இதுவே. அந்த அகலம் பீரங்கிகளை ஏற்றி இழுத்துச் செல்வதற்கும் தேவைப்பட்டது.

மூலைகளில் அம்புமுனை போலத் துருத்தி நிற்கும் கொத்தளங்கள் இன்னொரு சிக்கலைத் தீர்த்தன. நேரான மதிலின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் எதிரியை மேலே இருப்பவரால் பார்க்கவும் முடியாது, சுடவும் முடியாது. கொத்தளம் வெளியே நீண்டிருந்தால் அதன் பக்கவாட்டிலிருந்து அடுத்த மதிலின் அடி முழுவதையும் நோக்கிச் சுடலாம். ஐந்து கொத்தளங்களும் ஒன்றையொன்று இவ்வாறு காத்தன. எதிரி ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட மிஞ்சவில்லை. அவற்றுக்கு ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள்.

முற்றவெளியும் கோட்டைக்குச் சேர்ந்ததோ?

கோட்டையின் தேவையால் வெறுமையாக விடப்பட்ட நிலம் என்று சொல்லலாம். மேலே சொன்ன பீரங்கி ஏற்பாடு பயன்பட வேண்டுமானால், சுற்றிலும் வீடோ மரமோ இல்லாமல் பார்வைக்குத் திறந்த வெளி இருக்க வேண்டும். போர் முறை மாறிய பின்னும் அந்த வெளி மிஞ்சியது. நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய திறந்த நிலம் கிடைத்ததால்தான் கோட்டை முனியப்பர் கோயில், துரையப்பா விளையாட்டரங்கு, பொதுநூலகம், வீரசிங்கம் மண்டபம் ஆகியவை அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

1974 ஜனவரியில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் நிகழ்வில் உயிரிழந்தோருக்கான நினைவுத்தூண்களும் இந்த வெளியிலேயே உள்ளன. கோட்டையைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அவற்றைக் கவனியாமல் கடந்து போகிறார்கள்.

மதில் முழுக்கக் கடற்கல்லோ? கிட்டப் போய்ப் பார்த்தால் சிப்பி, சோகி மாதிரித் தெரியுது.

தெரிவது சரிதான். யாழ்ப்பாணத்தில் முருகைக்கல் என்று அழைக்கும் பவளப்பாறைக் கல்லே இங்கே முதன்மையான கட்டடப் பொருள். கடலிலிருந்து வெட்டி எடுக்கும்போது அது மென்மையாக இருப்பதால் வேண்டிய அளவில் செதுக்க முடியும். காற்றுப் பட்டு உலர்ந்த பின் இறுகும். அதே முருகைக்கல்லைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். கல்லும் சாந்தும் ஒரே கடலிலிருந்து வந்தவை என்பதால் அவை நன்றாக ஒட்டிக்கொண்டன. நம் ஊரில் பழைய நாற்சார வீடுகள் சிலவற்றின் சுவரிலும் மதிலிலும் இதே கல்லைக் காணலாம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிச்ச கல்லாலதான் கோட்டை கட்டினது எண்டு அம்மம்மா சொல்லுவா. அது உண்மையோ?

ஒரு பகுதி உண்மை. நல்லூர்க் கோயிலை 1621இல் ஒலிவேராவின் ஆட்சியில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இடித்த கோயில்களின் கற்களைத் தங்கள் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார்கள் என்ற செய்தி இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. கோட்டைக்குள் கோயில் தூண்களின் துண்டுகளும் செதுக்கு வேலை கொண்ட கற்களும் கிடைத்திருக்கின்றன. இராஜேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்றும் கோட்டையிலிருந்தே அறியப்பட்டது. அம்மம்மா சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

ஆனால் முழுக் கோட்டையும் கோயிற் கல்லால் ஆனது என்று சொல்வது பொருந்தாது. முந்தைய விடையில் சொன்னவாறு மதிலின் பெரும்பகுதி கடலில் வெட்டிய முருகைக்கல். அன்றியும், நல்லூர்க் கோயிலை இடித்தவர்களின் கோட்டை நாற்கோணமானது. இன்று நிற்கும் ஐங்கோணம் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர் வேறொருவர் எழுப்பியது. கோயிற் கற்கள் இரண்டாவது முறையாகவும் இடம் மாறியிருக்க வேண்டும்.

ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிட்ட இருந்து எப்பிடிப் பிடிச்சவை?

பட்டினி போட்டுத்தான். 1658இல் ரைக்லொப் வான் கூன்ஸ் தலைமையிலான ஒல்லாந்தப் படை மன்னாரைக் கைப்பற்றிவிட்டு யாழ்ப்பாணம் வந்து கோட்டையை முற்றுகையிட்டது. மூன்று மாதங்களுக்கும் மேல் நீடித்த முற்றுகையில் உள்ளே அடைபட்டிருந்தவர்களைப் பசியும் நோயும் வாட்டின. ஜூன் மாதத்தில் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். அத்தோடு இலங்கையில் அவர்களுடைய ஆட்சி முடிந்தது. ஒல்லாந்தப் படையோடு மதகுருவாக வந்த பால்டேயஸ் பின்னர் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, இந்நாட்டைப் பற்றி எழுதி வைத்துச் சென்றார்.

இவ்வளவு செலவழிச்சுக் கட்டின கோட்டையால ஒல்லாந்தருக்கு என்ன பிரயோசனம்?

போருக்கு அதிகம் இல்லை. வணிகத்துக்கும் ஆட்சிக்கும் மிகுந்த பயன் இருந்தது. வன்னியில் பிடித்த யானைகள் இவ்வழியாக இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டன. புகையிலை, பனைமரம், சங்கு, சாயவேர் ஆகியவற்றின் வரவும் வரியும் இங்கிருந்து கணக்கிடப்பட்டன. இன்றும் யாழ்ப்பாணத்தவரின் காணி, சீதனம், முதுசம் ஆகியவற்றுக்குப் பொருந்தும் தேசவழமைச் சட்டம், 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததிலிருந்து வந்தது. அந்த நிர்வாகத்தின் மையமும் இந்தக் கோட்டைதான்.

போர் வந்தபோது நடந்தது வேறு. வெளி அரண்களை 1792இல் முடித்தார்கள். 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் வந்து நின்றதும் எதிர்த்துப் போராடாமலே கொடுத்துவிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்த கட்டுமானம் முடிந்து மூன்றே ஆண்டுகளில் கைமாறியதைப் பற்றிக் கேட்கும் எவரும் சிரிக்காமல் இருந்ததில்லை.

உள்ளுக்கு ஒரு பெரிய தேவாலயம் இருந்ததாமே, அது எங்கே?

நீங்கள் உள்ளே நுழைந்து நடக்கும்போது சிதைந்த சுவர்களும் கற்குவியல்களுமாகக் கிடக்கும் இடத்தில் அது இருந்தது. 1706இல் ஒல்லாந்தர் கட்டிய அந்தத் தேவாலயம், நான்கு கைகளும் சம நீளமுள்ள சிலுவையின் வடிவில் அமைந்தது. தடித்த சுவர்கள், உயரமான சாளரங்கள், அலங்காரம் குறைந்த முகப்பு என்று சீர்திருத்தத் திருச்சபையினரின் எளிமை அதில் தெரிந்தது. தரையில் ஒல்லாந்த அதிகாரிகளினதும் அவர்களது குடும்பத்தினரினதும் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அங்கே இருந்த மணி ஒல்லாந்தருடையது அல்ல. அதில் அற்புதங்களின் மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் போர்த்துக்கேய மொழியில் பொறிக்கப்பட்டிருந்தன. தோற்றவர்களின் மணியை உருக்காமல் தம் வழிபாட்டுக்கு அடித்திருக்கிறார்கள்.

1980களில்கூட முழுமையாக நின்ற கட்டடம் அது. அதை நேரில் பார்த்த வயதானவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கோட்டையின் இழப்புகளில் நான் மிகப் பெரியதாகக் கருதுவது இதையே. மதிலைப் பழைய கல் கொண்டு அடுக்கிவிடலாம். தேவாலயத்தை அவ்வாறு மீட்க முடியாது.

இவ்வளவு இடிபாடும் எப்ப நடந்தது? ஆர் இடிச்சது?

ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்லும் விடையை எதிர்பார்த்தே பலரும் இதைக் கேட்கிறார்கள். நிகழ்ந்தது இதுதான். 1980களில் கோட்டை இலங்கை இராணுவத்தின் முகாமாக இருந்தது. அங்கிருந்து நகரத்தின் மீது எறிகணைகள் விழுந்தன. கோட்டையும் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது விடுதலைப் புலிகள் அதை முற்றுகையிட்டார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த அந்த முற்றுகையில் தரையிலிருந்தும் வானிலிருந்தும் நடந்த தாக்குதல்களில் கோட்டையும் சுற்றுப்புறமும் சிதைந்தன. செப்டெம்பரில் மண்டைதீவு வழியாக வந்த படையினர் உள்ளே இருந்தவர்களை மீட்டு, அம்மாத இறுதியில் கோட்டையை விட்டு வெளியேறினார்கள்.

அதன் பின்னர் கோட்டை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அது மீண்டும் இராணுவத் தளமாகப் பயன்படக் கூடாது என்பதற்காக அவர்கள் அதன் சில பகுதிகளை இடித்தார்கள். 1995 இறுதியில் இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. 1658இல் உள்ளே இருந்தவர்களைப் பட்டினியால் பணியவைத்த அதே முறை, அதே இடத்தில் 1990இலும் கையாளப்பட்டது என்பது வரலாறு படிப்பவர் கண்ணில் படாமல் போகாது.

தூக்குமேடை இருந்தது எண்டு காட்டுகினம். அதுவும் ஒல்லாந்தர் காலத்ததோ?

கோட்டையைச் சிறைச்சாலையாகப் பயன்படுத்திய வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியிலும் தொடர்ந்தது. தூக்குமேடை என்று காட்டப்படுவதை அதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கதை சொல்லிகள் அதைச் சற்று மிகைப்படுத்துவதுண்டு.

காலிக் கோட்டைக்குள்ள கடை, வீடு, ஹோட்டல் எல்லாம் இருக்கு. இங்கே ஏன் வெறும் வெளி?

இரண்டு காரணங்கள். காலியில் ஒல்லாந்தர் நகரத்தையே மதிலுக்குள் வைத்தார்கள். வீதிகளும் வீடுகளும் உள்ளேயே இருந்தன. யாழ்ப்பாணத்திலோ கோட்டை படைக்கும் நிர்வாகத்துக்கும் மட்டுமே உரியது. நகரம் கிழக்கே வெளியில் வளர்ந்தது. பிரதான வீதியும் பறங்கித்தெருவும் அந்த வளர்ச்சியின் தடங்கள். ஆகவே காலியைப் போல இங்கே குடியிருப்பு என்றுமே இருக்கவில்லை.

இரண்டாவது காரணம், உள்ளே இருந்த தேவாலயம், ஆளுநர் தங்கும் மாளிகை, சிறை, களஞ்சியங்கள் ஆகியவையும் மேலே சொன்ன போரில் அழிந்தன. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதையடுத்த ஆண்டுகளில் இங்கே முற்றுகை நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு நம் கோட்டையைக் குறைத்துப் பேசுவதற்கு முன்னர் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

காரைநகர்ப் பக்கம் கடலுக்குள்ள இருக்கிற கோட்டையும் இதோட சேர்ந்ததோ?

அது ஹம்மன்ஹீல் கோட்டை. தனிக் கட்டடம், ஆனால் அதே பாதுகாப்பு ஏற்பாட்டின் உறுப்பு. நம் கடனீரேரி ஆழமற்றது என்பதால் பெரிய கப்பல்கள் பண்ணை வரை வர இயலாது. ஊர்காவற்றுறைப் பக்கமே நங்கூரமிட்டன. அந்த வாயிலைக் காத்தது ஹம்மன்ஹீல். நெடுந்தீவிலும் பூநகரியிலும் உள்ள கோட்டைச் சிதைவுகளையும் பார்த்தால், தீவகமும் வன்னி வழியும் எவ்வாறு பண்ணைக் கோட்டையோடு இணைக்கப்பட்டிருந்தன என்பது விளங்கும்.

கோட்டையில இருந்து நல்லூருக்குச் சுரங்கப்பாதை இருக்கெண்டு சொல்லுகினம். நீங்கள் பார்த்தனீங்களோ?

மதிலுக்கு அடியில் வளைவுக் கூரையுடைய அறைகளும் வாயிலினூடே செல்லும் நீண்ட கவிந்த வழியும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்கள் சுரங்கம் என்று சொல்லத் தொடங்கியிருக்கலாம். நல்லூர் வரை செல்லும் பாதையை நான் நம்பவில்லை. கோட்டை கடலை ஒட்டியது. இங்கே கிணறு தோண்டினால் சிறிது ஆழத்திலேயே நீர் வந்துவிடும். அத்தகைய நிலத்தில் சில மைல் தூரத்துக்கு நீர் புகாத பாதை அமைப்பது எளிதன்று. கட்டியதாகவே வைத்துக்கொண்டாலும், போர்த்துக்கேயர் தாங்கள் இடித்துப்போட்ட தலைநகரத்துக்கு எதற்காக வழி வெட்டியிருக்க வேண்டும்?

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் இயற்கையாகவே குகைகளும் வெடிப்புகளும் உண்டு. நிலாவரைக் கிணறு அதற்குச் சான்று. சுரங்கக் கதைகள் இங்கே எளிதில் வேரூன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோட்டைக்குக் கீழே இன்னும் பழைய ஊர் இருந்தது எண்டு செய்தியில வந்ததே, அது என்ன?

போர் முடிந்த பின்னர் தொல்லியல் திணைக்களமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களும், பின்னர் பிரித்தானியாவின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவும் கோட்டைக்குள் அகழாய்வு செய்தார்கள். ஐரோப்பியர் கால மண் அடுக்குகளுக்குக் கீழே அதற்கு முற்பட்ட குடியிருப்பின் தடயங்கள் கிடைத்தன. சீனப் பீங்கான் துண்டுகளும், உட்புறத்தில் உருளையால் கோலமிட்ட மெல்லிய மட்பாண்டத் துண்டுகளும் அவற்றுள் அடங்கும். பின்னது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் பரவியிருந்த வகை, குடாநாட்டின் பழைய குடியிருப்பிடமான கந்தரோடையிலும் கிடைத்திருக்கிறது.

போர்த்துக்கேயர் வெறுங்கரையைத் தேர்ந்தெடுக்கவில்லை, தோணிகளும் வணிகரும் பழகிய துறையைத்தான் பிடித்தார்கள் என்பதே இதிலிருந்து பெறப்படுவது. கோட்டையை நாம் 400 ஆண்டுக் கதையாக மட்டும் சொல்லிவருவது போதாது.

திருத்தின சுவர் புதுசு மாதிரி இருக்கே. இப்பிடித் திருத்துறது சரியோ?

நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு தொல்லியல் திணைக்களம் போருக்குப் பின் மதிலையும் வாயிலையும் சீரமைத்தது. இதில் பெரிய இடர்ப்பாடு கல்தான். இலங்கையில் கடலிலிருந்து முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எனவே சரிந்து கிடந்த பழைய கற்களையும் பழைய கட்டடங்களில் எஞ்சியவற்றையுமே நம்ப வேண்டியிருக்கிறது. புதிதாகப் பூசிய சாந்து சில மாரிகளைக் கண்டால் நிறம் மங்கும். மதிலைத் திருத்தியதை நான் ஏற்கிறேன், ஏனெனில் திருத்தாவிட்டால் மழைநீர் உள்மண்ணில் இறங்கி எஞ்சியதையும் தள்ளிவிடும்.

தேவாலயத்தை மீளக் கட்ட வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பழைய படங்களைப் பார்த்துப் புதிய கட்டடம் எழுப்பினால் அது 1706இன் தேவாலயம் ஆகாது. அதன் கீழுள்ள, இன்னும் தோண்டப்படாத மண்ணும் குழம்பிப்போகும்.

எங்களைப் பிடிச்சு ஆண்டவை கட்டினதை நாங்கள் ஏன் காப்பாத்த வேணும்?

கேட்பவரின் கோபம் நியாயமானது. இந்தக் கட்டடத்திலிருந்து வரி பிழியப்பட்டது, கோயில்கள் இடிக்கப்பட்டன, நம் காலத்தில் எறிகணைகள் வந்தன. ஆயினும் கடலில் இறங்கிக் கல் வெட்டியதும் சூளையில் சுண்ணாம்பு சுட்டதும் மதில் அடுக்கியதும் இந்த மண்ணின் மக்களே. பெரும்பாலும் விரும்பாமல் செய்த வேலை. அவர்களுடைய உழைப்புக்கு வேறு நினைவுச்சின்னம் எதுவும் இங்கே இல்லை. கோயிற் கற்களும் சோழர் கால எழுத்தும் பழைய துறையின் மட்பாண்டமும் இந்த மதிலுக்குள்ளும் அடியிலும் இருக்கின்றன. மதில் போனால் அவையும் போகும்.

கீழே விழுந்து கிடக்கிற கல் ஒண்டை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாமோ?

கூடாது. கோட்டை பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இத்தகைய இடங்களைச் சேதப்படுத்துவதையும் தொல்பொருட்களை அகற்றுவதையும் குற்றமாகக் கொள்கிறது. சுவரில் பெயர் கீறுவதும் அவ்வாறே. மேலே சொன்னபடி புதிய முருகைக்கல் கிடைக்காத நிலையில், கீழே கிடக்கும் ஒவ்வொரு துண்டும் திருத்த வேலைக்குத் தேவைப்படும். மட்பாண்டத் துண்டோ நாணயமோ கண்ணில் பட்டால் அதை எடுக்காமல், கிடந்த இடத்தைப் படம் பிடித்து அங்கே கடமையில் இருக்கும் உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்ற தகவல் ஆய்வாளருக்குப் பொருளைப் போலவே முக்கியம்.